கீல் உடைந்த மடிக்கணினிக்கு ஒரு மரப்பெட்டி

கேள்வி இது: "2012-இல் வாங்கிய 15.6 அங்குல மடிக்கணினி ஒன்று இருக்கிறது. கீல் இரண்டும் உடைந்துவிட்டன, பேட்டரியும் போய்விட்டது. மதர்போர்டும் திரையும் நன்றாக இருக்கின்றன. இந்தப் பாகங்களை வைத்து மேசைமேல் நிற்கும் கணினி ஒன்றை, பெட்டி உட்பட, நானே செய்ய முடியுமா? வேறொரு பழைய மடிக்கணினியின் திரையும் வீட்டில் கிடக்கிறது. மாமா தச்சுவேலை செய்பவர். அளவு கொடுத்தால் பெட்டி செய்து தருகிறேன் என்கிறார்."

முடியும். ஆனால் மாமாவுக்கு இன்றைக்கே அளவைக் கொடுத்துவிடாதீர்கள். நான் இதுவரை மூன்று பெட்டிகள் செய்திருக்கிறேன். முதலாவதற்கு மடிக்கணினியை மூடி வைத்து, ஸ்கேலால் அளந்து, அன்றைக்கே பலகையை அறுத்துவிட்டேன். அந்தப் பெட்டியில் இப்போது வெங்காயம் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பணத்தை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் பெட்டியே வேண்டாம். உடைந்த மூடியைக் கழற்றிவிட்டு, அடிப்பகுதியை அப்படியே மேசையில் வைத்து, எச்டிஎம்ஐ வழியாக ஒரு மானிட்டரை இணைத்தால் வேலை முடிந்தது. பெட்டி என்பது ஆசைக்காகச் செய்வது. அந்த ஆசை எனக்கும் உண்டு என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மேசைக்கணினிப் போர்டுகளுக்குப் பொது அளவுகள் உண்டு. இன்டெல் 1995-இல் ஏடிஎக்ஸ் அளவைக் கொண்டுவந்தது. வியா நிறுவனம் 2001-இல் 170 மில்லிமீட்டருக்கு 170 மில்லிமீட்டர் என்ற மினி ஐடிஎக்ஸ் அளவை அறிமுகப்படுத்தியது. எந்த நிறுவனத்தின் போர்டாக இருந்தாலும் திருகுத் துளைகள் ஒரே இடத்தில் இருப்பதால், கடையில் வாங்கிய பெட்டிக்குள் அது உட்கார்ந்துவிடும். மடிக்கணினிப் போர்டுக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஒன்று 'ட' வடிவத்தில் இருக்கும். இன்னொன்றில் காற்றாடிக்காக நடுவே அரைவட்டம் வெட்டியிருப்பார்கள். அதனால் உங்கள் போர்டுக்கான பெட்டியை உங்கள் போர்டுதான் சொல்லவேண்டும். அதை முதலில் மேசைமேல் வெறும் உடம்போடு ஓடவிட்டு, ஒரு வாரம் பழகிப் பார்த்துவிட்டு, பிறகுதான் பலகை.

கழற்றும்போது பேட்டரியை முதலில் எடுங்கள். அடாப்டரையும் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். ஓர் அட்டையில் மடிக்கணினியின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகு எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். திருகுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் நீளம் மாறும். நான்கு மில்லிமீட்டர் ஆழமுள்ள துளையில் எட்டு மில்லிமீட்டர் நீளத் திருகை முடுக்கினால் அது போர்டைத் துளைத்துக்கொண்டு போகும். இவை எம் 2, எம் 2.5 அளவுகள். ஹார்டுவேர் கடையில் கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள்.

நாடா கேபிள்களை இழுத்துப் பிடுங்காதீர்கள். அவை நுழையும் சாக்கெட்டில் கறுப்பிலோ பழுப்பிலோ மெல்லிய தாழ்ப்பாள் ஒன்று இருக்கும். சிலவற்றில் அதை நகத்தால் மேலே தூக்கவேண்டும். சிலவற்றில் இரு ஓரங்களையும் பிடித்து முன்னால் நகர்த்தவேண்டும். தாழ்ப்பாள் திறந்திருந்தால் நாடா தானாகவே வெளியே வரும். வரவில்லை என்றால் இன்னும் திறக்கவில்லை என்றே பொருள்.

வெளியே எடுத்த போர்டை மரப்பலகையிலோ உலர்ந்த அட்டையிலோ வையுங்கள். உதிரிப்பாகம் வரும் வெள்ளிநிற உறைமேல் வைத்து மின்சாரம் கொடுக்காதீர்கள். அந்த உறையில் உலோகப் பூச்சு இருக்கிறது; மின்னைக் கடத்தக்கூடியது. ஹீட்சிங்க் (ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்), காற்றாடி, ஒரு ராம், திரை, அடாப்டர், பவர் பொத்தான் ஆகியவற்றை மட்டும் இணைத்து ஓடவிடுங்கள்.

பலரும் திணறுவது பவர் பொத்தானில்தான். உங்கள் மடிக்கணினியில் அது தனியான சிறு போர்டில் இருந்து, நாடா கேபிள் வழியாக வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்தச் சிறு போர்டை அப்படியே பெட்டியின் முகப்பில் பொருத்திக்கொள்ளலாம். பெரிய பொத்தான் வேண்டுமென்றால், அதிலுள்ள குட்டி சுவிட்சின் இரு பக்கத்திலும் இரண்டு மெல்லிய வயர்களைச் சால்டர் செய்து, காலிங்பெல் பொத்தானைக்கூட மாட்டலாம். அழுத்தும்போது இரண்டு முனைகளும் தொட்டுக்கொள்ளவேண்டும், விட்டால் பிரியவேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. பொத்தான் கீபோர்டிலேயே இருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, தனியே எடுத்த கீபோர்டின் நாடாவில் எந்த இரண்டு கோடுகள் பொத்தானை அழுத்தும்போது இணைகின்றன என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கவேண்டும். சில போர்டுகளில், அடாப்டரைச் செருகியதும் தானாக இயங்கும்படி பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில், ஓர் அமைப்பு இருக்கும். அது இருந்தால் பொத்தானே வேண்டாம்; சுவர் சுவிட்ச் போதும்.

பேட்டரி இல்லாமல் ஓடும்போது வேகத்தைக் கவனியுங்கள். சில போர்டுகள் பேட்டரியைக் காணவில்லை என்றாலும், அடாப்டரின் நடு ஊசி வழியாக அதன் அடையாளம் தெரியவில்லை என்றாலும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்களுடைய ப்ராசஸர் 2012-இன் ஐ5-3210எம் ரகம் என்றால் அதன் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ். கனமான வேலை கொடுத்தும் 1.2-ஐத் தாண்டாமல் முனகிக்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். நிறுவனத்தின் அசல் அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். பெட்டி செய்து முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பெட்டியின் வடிவத்துக்கு வருவோம். அதை முடிவு செய்வது நீங்களும் இல்லை, மாமாவும் இல்லை, திரைக் கேபிள். திரை அதே மடிக்கணினியுடையது என்பதால் வேறெந்தப் போர்டும் வாங்கவேண்டாம், பழைய கேபிளே போதும். ஆனால் கீலுக்குள் புகுந்து திரையின் முதுகுவரை போவதற்கு எவ்வளவு நீளம் தேவையோ, அவ்வளவுதான் அதில் இருக்கும். நீட்டிப்புக் கேபிள் போட்டால் படத்தில் புள்ளிகள் பறக்கலாம். ஆகவே திரை முன்னால், போர்டு அதன் முதுகுக்குப் பின்னால், இரண்டும் நிமிர்ந்த நிலையில். பக்கவாட்டில் பார்த்தால் தடித்த நாட்காட்டி மாதிரி இருக்கும். உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வடிவத்தைத்தான். நடுவே ஒரு மெல்லிய பலகை: முன்பக்கம் திரை, பின்பக்கம் போர்டு, கேபிள் கடக்க ஒரு கீறல். திரையை மூலைகளில் மட்டும் தாங்குங்கள். முதுகில் எதுவும் அழுத்தினால் படத்தில் வெளிறிய திட்டு விழும்.

கிடக்கும் இன்னொரு திரையை இரண்டாவது மானிட்டராக்கலாம். அதற்குத்தான், எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தைத் திரைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கன்ட்ரோலர் போர்டு தனியாக வேண்டும். திரையின் முதுகிலுள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். எல்பி156, பி156, என்156, எல்டிஎன்156 என்பதுபோல ஏதாவது ஒன்றில் தொடங்கும். 156 என்பது 15.6 அங்குலம். அந்த எண் முழுவதையும், கடைசி எழுத்துவரை, விற்பவரிடம் கொடுத்து அதற்கான கன்ட்ரோலரைக் கேளுங்கள். எல்விடிஎஸ், இடிபி என இரண்டு வகை இணைப்புகள் உண்டு. ஒன்றுக்கானது மற்றொன்றுக்கு ஆகாது. சென்னைக்கு வர முடியுமென்றால் திரையையே கையில் எடுத்துக்கொண்டு, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போங்கள். மாட்டி, படம் வருவதைப் பார்த்துவிட்டு வாங்கலாம். கன்ட்ரோலரில் திரைக்கான மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்க 3.3, 5, 12 என்று ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் குட்டி மூடி) இருந்தால், 3.3-இல் இருக்கிறதா என்று மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மடிக்கணினித் திரைக்கு வேண்டியது அதுதான்.

அந்தத் திரை 2009-க்கு முந்தையது என்றால் எல்இடிக்குப் பதிலாக மெல்லிய குழல்விளக்கு இருக்க வாய்ப்பு அதிகம். திரைக்குக் கீழே விரல் நீளத்தில் ஒல்லியான ஒரு போர்டு, அதிலிருந்து தடித்த இரண்டு வயர்கள் என்று இருந்தால் அது அந்த விளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இன்வெர்ட்டர். அதில் பல நூறு வோல்ட் ஓடும். இயங்கும்போது கையை வைக்காதீர்கள். நானாக இருந்தால் அந்தத் திரையைக் கைவிட்டுவிடுவேன்.

கன்ட்ரோலருக்கு 12 வோல்ட் வேண்டும். உங்கள் அடாப்டர் தருவது ஏறக்குறைய 19 வோல்ட். எல்எம்2596 சில்லு வைத்த சிறிய வோல்டேஜ் குறைப்பான் போர்டு ஒன்றை வாங்கினால், ஒரே அடாப்டரில் இரண்டையும் ஓட்டலாம். 65 வாட் அடாப்டர் 19 வோல்ட்டில் 3.42 ஆம்பியர் தரும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சுமை இப்போது இல்லாததால் இன்னொரு திரைக்கு அது தாங்கும். அந்தக் குறைப்பானில் நீலநிறத்தில் ஒரு குட்டித் திருகு உண்டு. வெளிவாயில் எதையும் இணைக்காமல், மல்டிமீட்டரை வைத்து, 12 காட்டும்வரை அதைத் திருப்புங்கள். பல சுற்று திருப்பினாலும் எண் நகராததுபோல இருக்கும், பிறகு சட்டென்று இறங்கும். கடையில் சரிசெய்துதான் கொடுத்திருப்பார்கள் என்று நம்பி நான் ஒருமுறை நேராக இணைத்தேன். கன்ட்ரோலர் போர்டு புகைந்தது. அந்த வாசனை அறையைவிட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று.

இரண்டாவது பெட்டியில் நடந்ததையும் சொல்லவேண்டும். மேசைமேல் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய போர்டு, பெட்டிக்குள் போனதும் இயங்கத் தொடங்கிய சில நொடிகளில் திரையை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டது. ராமை மாற்றினேன். அடாப்டரை மாற்றினேன். திரைக் கேபிளை நான்கு முறை கழற்றி மாட்டினேன். இரண்டு இரவுகள் போயின. மூன்றாம் நாள், வழியில் இருக்கிறதே என்று ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தபோது திரை பளிச்சென்று எரிந்தது. ஸ்பீக்கரைக் கிட்டே கொண்டுபோனால் அணைகிறது, விலக்கினால் எரிகிறது. மடிக்கணினியின் மூடியில் ஒரு சிறு காந்தம் இருக்கும். அடிப்பகுதியில் அரிசியளவு ஹால் சென்சார் ஒன்று, அந்தக் காந்தம் நெருங்குவதைப் பார்த்து மூடி மூடப்பட்டதாக முடிவு செய்யும். என் மூன்று அங்குல ஸ்பீக்கரின் காந்தம் அந்தச் சென்சாருக்கு நேர்மேலே உட்கார்ந்திருந்தது. போர்டைப் பொறுத்தவரை யாரோ ஓயாமல் மூடியை மூடிக்கொண்டிருந்தார்கள். மூடினாலும் தூங்காதே என்று இயங்குதளத்தில் சொல்லிவைக்கலாம். ஆனால் சில போர்டுகளில் சென்சார் திரைவிளக்கை நேரடியாகவே அணைத்துவிடும். ஸ்பீக்கரைத் தள்ளி வைப்பதே வழி.

இனி வெப்பம். மடிக்கணினிக் காற்றாடி, மேசைக்கணினியில் இருப்பதுபோல முன்னால் இழுத்துப் பின்னால் தள்ளும் ரகம் இல்லை. தட்டையான முகத்தின் வழியாக இழுத்து, ஓரத்திலுள்ள செப்புத் தகடுகளின் ஊடே வெளியே தள்ளும். அதனால் இரண்டு விஷயங்கள். காற்றை இழுக்கும் முகத்துக்கும் பலகைக்கும் இடையே குறைந்தது ஒரு சென்டிமீட்டர் இடம் விடுங்கள். அதற்கு நேராகப் பலகையில் துளைகளும் வேண்டும். காற்று வெளியேறும் தகடுகள் பெட்டியின் திறப்பை ஒட்டியே இருக்கவேண்டும். இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளியிருந்தால் வெளியேறிய சூடான காற்றே சுற்றிவந்து மறுபடி உள்ளே போகும். எவ்வளவு துளை போட்டாலும் சூடு குறையாது. மிச்ச இடைவெளியை ஜன்னலுக்கு ஒட்டும் நுரை நாடாவால் அடைத்துவிடுங்கள். இந்த நாடாவை ஒட்டிய பிறகு என் பெட்டியில் வெப்பநிலை கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. வேறெந்த மாற்றத்துக்கும் அவ்வளவு பலன் கிடைக்கவில்லை.

ப்ராசஸரிலிருந்து அந்தத் தகடுகளுக்குப் போகும் செப்புக் குழாயைப் பெட்டிக்கு ஏற்றபடி வளைக்க நினைக்காதீர்கள். உள்ளே காற்றை அகற்றிச் சில துளி நீர்மத்தை மட்டும் அடைத்திருக்கிறார்கள். அது ஆவியாகி மறுமுனைக்குப் போய், குளிர்ந்து, திரும்பி வருவதால்தான் வெப்பம் நகர்கிறது. குழாய் நசுங்கினால் அது வெறும் செப்புக்கம்பி. கழற்றியதே கழற்றினீர்கள், ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதியது பூசுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலான பேஸ்ட் சுண்ணாம்புபோலக் காய்ந்திருக்கும். ஐ5-3210எம் ரகப் ப்ராசஸர் 105 டிகிரிவரை தாங்கும் என்று கணக்கு. ஆனால் முழுவேலையில் 85-ஐத் தாண்டினால் நான் பெட்டியை மறுபடி திறந்துவிடுவேன்.

போர்டைப் பெட்டிக்குள் பொருத்துவதற்குச் சிரமமில்லாத வழி, மடிக்கணினியின் அடிப்பகுதிப் பிளாஸ்டிக்கையே தட்டாகப் பயன்படுத்துவது. போர்டைத் திருக வேண்டிய பித்தளைக் காதுகள் எல்லாம் சரியான இடத்தில், சரியான உயரத்தில் அதிலேயே இருக்கின்றன. பேட்டரி அறை, டிவிடி டிரைவ் இருந்த இடம், கைவைக்கும் பகுதி ஆகியவற்றை ஹாக்சா பிளேடால் அறுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தை நடுப்பலகையில் திருகிவிடலாம். காற்றாடிக்கு நேரான சல்லடையும் அதிலேயே இருக்கும். அறுக்கும்போது போர்டு பக்கத்து அறையில்கூட இருக்கக்கூடாது. பிளாஸ்டிக் தூள் எங்கேயும் ஒட்டும். பிளாஸ்டிக்கே வேண்டாம், எல்லாம் மரமாக இருக்கவேண்டும் என்றால், போர்டை ஸ்கேனரில் வைத்து எடுத்த படத்தை அசல் அளவில் அச்சிட்டுத் துளைகளைக் குறிக்கலாம். ஸ்கேனர் பார்ப்பது போர்டின் அடிப்பக்கம். அதைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பாமல் துளை போட்டால் எல்லாம் இடவலம் மாறிவிடும். வெங்காயப் பெட்டியின் இன்னொரு குற்றம் இது.

மரம் எது என்பதை மாமாவிடமே விட்டுவிடலாம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐப்பசி மழையில் ஓரங்கள் ஊதிவிடும். மரப்பெட்டியில் இன்னொரு வசதி, வைஃபை. அதன் ஆன்டெனாக்கள் மூடிக்குள், திரையைச் சுற்றி ஒட்டப்பட்டிருக்கும்; கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய கேபிள்கள் அவற்றிலிருந்து வரும். மூடியைக் குப்பையில் போடும் அவசரத்தில் அவற்றையும் போட்டுவிடுபவர்கள் உண்டு. மெதுவாக உரித்தெடுத்து மரத்தின் உட்பக்கத்தில் ஒட்டினால் போதும். தகரப் பெட்டியாக இருந்தால் ஆன்டெனாவை வெளியே கொண்டுவர வேண்டியிருக்கும்.

அடாப்டரைப் பெட்டிக்குள் வைத்தால் அழகாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம். 230 வோல்ட் பெட்டிக்கு வெளியே நிற்கட்டும். 19 வோல்ட் மட்டும் உள்ளே வரட்டும். மரம், வெப்பம், தூசி மூன்றும் சேர்ந்த இடத்தில் வீட்டு மின்சாரத்தைக் கொண்டுபோய் வைக்க எந்த அழகும் காரணமாகாது.

எல்லாத் திறப்புகளுக்கும் உட்பக்கம் எஃகு வலை வையுங்கள். தூசிக்காக மட்டுமில்லை. இரவில் வெதுவெதுப்பாக இருக்கும் பெட்டி பல்லிக்குச் சொந்த வீடு; போர்டின் குறுக்கே அது படுத்தால் இரண்டுக்கும் ஆகாது. கொசுவலைத் துணி கண் மிக நெருக்கமானது. தூசி படிந்து ஒரு மாதத்தில் காற்றை அடைத்துவிடும்.

கீபோர்டை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். அது யுஎஸ்பி இல்லை. விசைகளின் வலைப்பின்னல் அப்படியே நாடாவில் வருகிறது. அதைத் தனி கீபோர்டாக்க மைக்ரோகன்ட்ரோலர், மென்பொருள் என்று ஒரு மாத வேலை. கடையில் யுஎஸ்பி கீபோர்டு வாங்குங்கள். வெப்கேம் மட்டும் எளிது, அது உள்ளுக்குள் யுஎஸ்பிதான். திரைக் கேபிளோடு பின்னி வருவதால் பெரும்பாலும் தானாகவே வேலை செய்யும். தனியாகப் பிரித்து வேறு கணினியில் மாட்டுவதென்றால், பலவற்றுக்கு 3.3 வோல்ட்தான் ஆகும்; யுஎஸ்பியின் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிடாதீர்கள்.

பேட்டரிக்குள் இருப்பவை 18650 என்ற உருளை செல்கள். பொதுவாக ஆறு, அவற்றில் ஒன்றிரண்டு மட்டும் செத்திருக்கலாம். அதை உடைத்து நல்லவற்றை எடுப்பதைப் பலரும் செய்கிறார்கள். உங்களுக்குத் தேவையில்லை. மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். போர்டிலுள்ள நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியைப் புதிதாக்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போகும்.

மென்பொருளைப் பற்றி ஒரு வரி. இந்த வயதுப் ப்ராசஸரை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எஸ்எஸ்டி ஒன்றும் 8 ஜிபி ராமும் போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுங்கள்.

இத்தனை பாடும் படாமல் இதைச் செய்யும் வழியும் இப்போது வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் 2021 முதல் விற்கும் மடிக்கணினிகளின் போர்டு, பேட்டரியே இல்லாமல் யுஎஸ்பி-சி வழியாக ஓடும். அதன் அளவுகளையும் வரைபடங்களையும் அவர்களே 2022-இல் வெளியிட்டார்கள். கூலர் மாஸ்டர் நிறுவனம் அந்தப் போர்டுக்கென்றே ஒரு பெட்டியும் செய்து விற்கிறது. நம்மிடம் இருப்பது அதுவல்ல என்பதால் ஹாக்சாவும் அட்டையும்தான்.

போர்டு ஒரு வாரம் வெறும் உடம்போடு ஓடிவிட்டதா, இப்போது அளவெடுங்கள். போர்டின் அளவை மட்டும் அளக்காதீர்கள். எல்லாக் கேபிள்களையும் செருகிய நிலையில் அளங்கள். அடாப்டர் ஊசி, எச்டிஎம்ஐ முனை, யுஎஸ்பி முனை ஒவ்வொன்றும் வெளியே நீட்டிக்கொண்டு, வளைந்து திரும்ப ஐந்து சென்டிமீட்டர் கேட்கும். அந்த அளவை உள்ளளவு என்று எழுதிக் கொடுங்கள். பலகையின் தடிமனை அவர் சேர்த்துக்கொள்வார். பின்பலகைக்கு மட்டும் பசையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம், நான்கு திருகு போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல தச்சருக்குக் கை சும்மா இருக்காது. நீங்கள் தேநீர் எடுத்துவரப் போன நேரத்தில் அடித்து முடித்துவிடுவார்.